ஓட்டை விழாத தட்டு

கண் ஆபரேஷனுக்குப் பிறகு டெல்மா இன்றுதான் துப்பாக்கியைத் தொட்டாள். பழைய அட்டைப்பெட்டிகளில் காகிதத் தட்டுகளை ஒட்டி சுட்டுப் பழக அவளே செய்த இரண்டு இலக்குகள், நானூறு கெஜத்துக்கு அப்பால் பக்கம்பக்கமாக நின்றன. ஒன்று அவளுக்கு, மற்றது பக்கத்துப் பண்ணை க்ளைடுக்கு.

ஐந்து குண்டுகள் சுட்டாள்.

கணவன் ஆர்வில் தொலைநோக்கியில் அவள் தட்டைப் பார்த்தான். "ஒரு ஓட்டைகூட விழலையே, டெல்மா!"

"அப்போ கண்ணு போச்சு. இனி மான் வேட்டைக்கு நீ மட்டும் போ." துப்பாக்கியைத் தரையில் வைத்தாள்.

அருகில் படுத்திருந்த க்ளைடு தன் தொலைநோக்கியிலிருந்து தலையைத் தூக்கினான். "நான் இன்னும் சுடவே இல்ல. என் தட்டு நடுவுல அஞ்சு ஓட்டை! எந்தப் புண்ணியவான் வேலை?"

"அடிப்பாவி! கண்ணு கழுகுக்கண்ணுதான். தட்டுதான் மாறிப்போச்சு!" என்று கத்தினான் ஆர்வில்.

டெல்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கோவிச்சுக்காதே க்ளைடு, உனக்கு வேற தட்டு ஒட்டித் தர்றேன்."