பயந்தாங்கொள்ளிப் பெட்டி

"உது திரும்பவும் நிண்டிட்டுதோ?" என்று கேட்டார் டொக்டர் இளையதம்பி. தாதி றொசாந்தி அவருடைய நெற்றி வியர்வையைத் துணியால் ஒற்றியெடுத்தாள்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் லேசரின் சடசடப்பு ஓய்ந்திருந்தது. பச்சைத் துணி மறைப்புக்கு அப்பால் நின்ற டொக்டர் தனுசியா, ஓம் என்றாள். இளையதம்பியிடம் படித்து, வெளிநாட்டில் இந்த வேலையைப் பழகிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பியவள் அவள்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்பில் ஒரு கட்டி. பாதத்தைத் தூக்குகிற நரம்பு அதை ஒட்டித்தான் போகிறது. அது அறுந்தால் பாதம் தொங்கிவிடும்.

எலும்பை வெட்டும் லேசர் பட்ட இடத்தில் சிறு பொறி எழும். அந்தப் பொறியின் வெளிச்சத்தை லேசரோடு இணைத்த ஒரு பெட்டி பிரித்துப் பார்க்கும். எலும்புக்கு ஒரு வெளிச்சம், தசைக்கு ஒன்று, நரம்புக்கு வேறொன்று. எலும்பல்லாத எது தட்டுப்பட்டாலும் லேசர் தானாக நின்றுவிடும்.

இதையெல்லாம் வைத்தியர்கள் கூட்டமொன்றில் தனுசியா விளக்கியபோது இளையதம்பி கொட்டாவி விட்டார். நரம்பைக் கண்ணால் பார்க்கத் தெரியாதவனுக்குத்தான் பெட்டி வேண்டும், தனக்கு எலும்பு வெட்டும் வாள் ஒன்று போதும் என்றார்.

அந்த வாளால் அவர் கட்டி வெட்டியெடுத்த குருநகர் மீனவர் கிறகோரி இப்போது காலை இழுத்து இழுத்து நடக்கிறாரே என்று ஒருவர் மெல்லக் கேட்டார். உயிர் இருக்கிறதல்லவா, வள்ளத்தில் ஏறினால் குந்தியிருந்துதானே போகிறான், நடந்தா மீன் பிடிக்கிறான் என்றார் இளையதம்பி. கூட்டத்தில் அரைவாசிப் பேர் சிரித்தார்கள்.

இன்று பெட்டியைக் கொண்டுவரத் தனுசியாதான் பிடிவாதம் பிடித்தாள். செய், பார்ப்போம் என்று ஒத்துக்கொண்ட இளையதம்பி, வேலை தொடங்கியதிலிருந்து வாயை மூடவில்லை.

"உந்தப் பெட்டிக்கும் என்ரை மருமோனுக்கும் ஒரே குணம், மிஸ்ஸி. வேலையெண்டால் நிண்டிடும்."

றொசாந்தி சிரிக்கவில்லை. மயக்க மருந்து வைத்தியர் பிரகாஸ் இரத்த அழுத்தத்தைப் பார்த்தபடி இருந்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டுமே மரக்கச் செய்திருந்ததால் நோயாளிக்கு எல்லாம் கேட்கும். அது அங்கிருந்த எவரையும்விட இளையதம்பிக்கு நன்றாகத் தெரியும்.

லேசர் மறுபடி சடசடத்தது. தீய்ந்த வாடை லேசாக வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நின்றது.

கண்ணுக்கு முழுக்க எலும்பாகத்தான் தெரிகிறது, ஆனால் பெட்டி நரம்பு என்கிறது என்றாள் தனுசியா. நரம்பு கட்டிக்குள் புதைந்து கிடக்கலாம், வேறு பக்கத்தால் வரவேண்டும், நேரமெடுக்கும் என்றாள்.

"கண்ணுக்கு எலும்பெண்டால் எலும்புதான். என்னட்டைப் படிச்ச நீ உந்தப் பயந்தாங்கொள்ளிப் பெட்டியை நம்பிறியோ?"

தன் காலத்தில் இந்நேரம் கட்டியை எடுத்துத் தைத்துவிட்டு, கன்ரீனில் தேத்தண்ணியும் குடித்திருப்பேன் என்றார். நெல்லியடிச் சந்தையில் ஆட்டிறைச்சி வெட்டுகிறவன் பெட்டியைக் கேட்டுக்கொண்டா கத்தியை வைக்கிறான் என்றார். வெளிநாட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்குக் கை மறந்து போகிறது, திரும்பி வரும்போது பொத்தான் அமர்த்த மட்டும் பழகிக்கொண்டு வருகிறார்கள் என்றார்.

தனுசியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் வாய் திறந்தபோது குரலில் கோபம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது.

"அப்ப பெட்டியை நிப்பாட்டுறன், சேர். நீங்கள் சொல்லுற மாதிரி வாளாலையே வெட்டி எடுக்கிறன். ஓமோ?"

மறைப்புக்கு அப்பால் தட்டிலிருந்து வாளை எடுக்கும் சத்தம் கேட்டது. இளையதம்பி மறைப்பை நோக்கித் தலையைத் தூக்கினார்.

"பெட்டியை நிப்பாட்டாதை பிள்ளை," என்றார். "கால் என்ரையெல்லே."