சிஸ்டரிடம் சொன்னது

திருப்பதி மறுவாழ்வு மையத்தின் ஜன்னல் வெயிலில் முனிரத்தினம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போதை ஊசியை மறக்கடிக்கும் மாத்திரை அவன் நாக்கடியில் கரைகிறது. கரையும்வரை பேசக் கூடாது. தலைக்கு மேல் மின்விசிறி கறகறக்கிறது. நகரியிலிருந்து கூடவே பஸ்ஸில் வந்த மனைவி துர்காதேவி, மூடி திறந்த தண்ணீர் பாட்டிலைத் தயாராகப் பிடித்திருக்கிறாள். நர்ஸ் வருகிறாள். கசங்காத வெள்ளைக் கோட்டு, காதில் ஆடும் சின்ன ஜிமிக்கி. "நாலுக்க பைக்கெத்து" என்று தெலுங்கில் சொல்லி டார்ச் அடிக்கிறாள். அவன் உடனே நாக்கைத் தூக்கிக் காட்டுகிறான். வீட்டில் ஊசித் தடம் பார்க்கச் சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னதற்குத் துர்காதேவியைச் சுவரோடு தள்ளியவன் அவன். மாத்திரை கரைந்துவிட்டது. நர்ஸ் சிரிக்கிறாள். "திங்கக்கெழமலேர்ந்து பவர்லூமுக்குப் போறேன், சிஸ்டர். மொதலாளிகிட்ட பேசிட்டேன்" என்கிறான், புது மாப்பிள்ளைபோலக் கூச்சப்பட்டுக்கொண்டு.  நர்ஸ் அடுத்த ஆளிடம் நகரும்வரை துர்காதேவி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

"பஸ்ல பக்கத்துலயே குந்திக்கினு வந்தேனே, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

அவன் தரையைப் பார்க்கிறான். "உங்கிட்ட இதே பேச்ச எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன். எல்லாம் பொய்யி. சிஸ்டர்கிட்ட நான் இன்னும் பொய் சொன்னதில்ல."

சொல்லிவிட்டுத் தண்ணீருக்குக் கை நீட்டுகிறான். துர்காதேவி பாட்டிலை மூடித் திருகுகிறாள். மூடி இறுகி நின்ற பிறகும் திருகிக்கொண்டே இருக்கிறாள்.