இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க

பசுமைக்குடிலில், மேடைமேல் இருந்த தொட்டியில் ஒரு ஜெர்பராப் பூச்செடி வளர்ந்தது. தினமும் சொட்டுக்குழாயில் உரத்தண்ணீர் வரும். செடி வேண்டியதைக் குடித்துவிட்டு, மிச்சத்தை அடித்துளை வழியாகக் கீழே மண்ணுக்கு விடும்.

“நல்ல சத்து அக்கா, வாங்கிக்கங்க.”

“போதும்மா,” என்றது மண்.

வேலையாட்கள் மதியம் கூடி உட்கார்ந்து சாப்பிடுவதைச் செடி பார்த்திருக்கிறது. ஒருவர் போதும் என்றால் மற்றவர் இன்னொரு கரண்டி போடுவார். அதுதான் மரியாதை.

“கூச்சப்படாதீங்கக்கா,” என்று இன்னும் கொஞ்சம் ஒழுகவிட்டது.

மண்ணின்மேல் உர உப்பு வெள்ளையாகப் பூத்தது. அங்கே குடியிருந்த மண்புழு இடத்தைக் காலி செய்தது.

“எவ்வளவு நிறமாயிட்டீங்க!” என்று செடி பூரித்தது.

“போதும்மா.”

“இன்னும் கொஞ்சம்!”

ஒருநாள் தொட்டி உடைந்தது. தோட்டவேலை பார்க்கும் செல்லக்கிளி, செடியை எடுத்துக் கீழே மண்ணிலேயே நட்டாள்.

மறுநாளே வேர் எரிந்தது, இலையோரம் கருகியது.

“அக்கா, போதும்... போதும்!”

தன் வாயிலிருந்து வந்தபிறகுதான் அந்தச் சொல் செடிக்குப் புரிந்தது. மண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் பூவை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

மண்தான் கூனிக்குறுகிப் பேசியது.

“மன்னிச்சுக்கம்மா. முதல் தடவையா என் வீட்டுக்கு வந்திருக்கே. நீ கொடுத்ததைத் தவிர, உனக்குப் போட என்கிட்ட வேற ஒண்ணுமே இல்ல.”