வீட்டுக்காரர் லைன்ல இருக்கார்

"தனியாத்தான் வர்றீங்களா மேடம்?"

டாக்சியில் ஏறி உட்காருவதற்குள் டிரைவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். தனியாக வந்தால் இவனுக்கென்ன, கூட்டமாக வந்தால் இவனுக்கென்ன?

அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். அன்றைக்கென்று பார்த்து மெஷின் மக்கர் செய்ய, எல்லா ரத்த மாதிரிகளையும் முதலிலிருந்து மறுபடி சோதித்து முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. பகலெல்லாம் அடுத்தவர் கையில் கூசாமல் ஊசி குத்துகிறவளுக்கு, ராத்திரி டாக்சி என்றால் மட்டும் கைகால் உதறும்.

நல்லவேளை, ரிசப்ஷன் அக்கா கிளம்பும்போது ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"ஏறினதும் போனைக் காதுல வச்சுக்கோ. வீட்டுக்காரர்கிட்ட பேசற மாதிரி சத்தமா பேசிட்டே போ. ஒரு பய வாலாட்ட மாட்டான்."

"எனக்குத்தான் வீட்டுக்காரரே கிடையாதேக்கா?"

"அது உனக்கும் எனக்கும்தானேடி தெரியும்? டிரைவருக்கு எப்படித் தெரியும்?"

அவள் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்னங்க, ஏறிட்டேங்க. வண்டி நம்பர் அனுப்பியிருக்கேன், பாருங்க. வாசல்லயே நில்லுங்க. லைன்லயே இருங்க, கட் பண்ணிடாதீங்க. மெஷின் ரிப்பேருங்க, அதான் லேட்டு..."

பயத்தில் மூச்சு விடாமல் பேசினாள். இல்லாத புருஷனுக்கு வாயைத் திறக்க ஒரு வாய்ப்புக்கூடத் தரவில்லை. இருக்கிற புருஷன்களுக்கே கிடைக்காதது, அந்தப் பாவிக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

டிரைவர் கண்ணாடியை லேசாகத் திருப்பினான். அதில் அவன் கண் மட்டும் தெரிந்தது.

"சார் என்ன வேலை பார்க்கறார் மேடம்?"

"போலீஸ்!" வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். "இன்ஸ்பெக்டர்."

"எந்த ஸ்டேஷன்?"

"அது... அடிக்கடி மாத்திட்டே இருப்பாங்க."

"ஓ..." என்று இழுத்தான். அந்த இழுவை அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அதன்பிறகு அவன் பேசவே இல்லை. பேசுகிறானே என்று பயந்தவள், இப்போது பேசாமல் வருகிறானே என்று பயந்தாள்.

வண்டி மெயின் ரோட்டை விட்டு ஒரு சந்துக்குள் திரும்பியது.

"அண்ணா, இது வழியில்லையே?"

"அங்க பாலத்து வேலை நடக்குது மேடம். ரோட்டை அடைச்சுட்டாங்க."

எந்தப் பாலம்? காலையில் பஸ்ஸில் வரும்போது இருந்ததா? பதற்றத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் பூட்டிய குடோன்கள். தெருவிளக்கு எரியவில்லை. கதவுப் பிடியை மெல்ல இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது.

திடீரென்று வண்டி நின்றது. அவன் ஒன்றும் சொல்லாமல் இறங்கினான்.

அவள் பின்சீட்டின் மூலைக்கு நகர்ந்தாள். கைப்பைக்குள் கையை விட்டு ஆயுதம் தேடினாள். சீப்பு கிடைத்தது. அதையே இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவன் முன்னால் போய், வழியில் கிடந்த இரும்பு டிரம் ஒன்றை உருட்டி ஓரமாக விட்டு, மறுபடி ஏறினான்.

"என்னங்க..." என்றாள் போனில். குரல் அழுதது. "ஜீப்பை எடுத்துட்டு எதிர்ல வர்றீங்களா? சரிங்க, வாங்க..."

கண்ணாடியில் அந்தக் கண் மறுபடி அவளைப் பார்த்தது. கடவுளே, இந்த ஒரு தடவை வீடு போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

இரண்டு திருப்பம் தாண்டியதும் அவள் தெரு வந்தது. போன உயிர் பாதி திரும்பியது. வண்டி நின்றதும் கீழே குதித்தாள்.

வாசலில் இன்ஸ்பெக்டரும் இல்லை, ஏட்டும் இல்லை. வீடு கும்மிருட்டாக இருந்தது. எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் எப்போதோ விளக்கணைத்துவிட்டார்கள். சாவியை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

பின்னால் டாக்சி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பதில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் காலடிச் சத்தம். நெருங்கி வந்தது.

பூட்டுக்குள் சாவி போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. கை நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிவதற்குள் டிரைவர் அதை எடுத்துவிட்டான்.

"கிட்ட வந்தா... கத்துவேன்" என்றாள். அதைச் சொல்லவே குரல் வரவில்லை.

அவன் சாவியை அவளிடம் நீட்டினான். உதடு அசையாமல் மெதுவாகப் பேசினான்.

"திரும்பிப் பார்க்காதீங்க மேடம். எதிர்வரிசையில மூடின கடைப் படியில ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. நீங்க இறங்கினதும் இருட்டு வீட்டையும் உங்களையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. ஒருத்தன் எழுந்து பாதி ரோடு வந்துட்டான். நான் இறங்கினதைப் பார்த்துட்டுத்தான் நிக்கறான்."

அவள் தெருப்பக்கம் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும். வழி முழுக்கப் பேசினீங்க, அந்தப் பக்கம் பதில் பேச இடமே விடலையே. எனக்குத் தெரிஞ்சா பரவாயில்லை. அவங்களுக்குத் தெரிய வேணாம். உள்ள போனதும் கதவைச் சாத்திட்டு எல்லா லைட்டையும் போடுங்க."

இந்தத் தடவை சாவி திரும்பியது. அவள் கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைத்தாள்.

வாசலில் நின்ற டிரைவர், தெருவுக்கே கேட்கிற மாதிரி தொண்டையைத் திறந்தார்.

"இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளே! தங்கச்சியைப் பத்திரமா கொண்டுவந்து விட்டுட்டேன். தூங்கினது போதும், எழுந்து லைட்டைப் போடுங்க!"