மாடியில் கட்டிய துணி

துணியில் சோப்புத்தூள் வாசனை வந்தது.

அவள் மறுபடியும் முகர்ந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. காலையில் மொட்டைமாடியில் கட்டியதை யாரோ துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள்.

நேற்றும் வெள்ளையாகத்தான் இருந்தது. காற்று திசை மாறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். காற்றுக்கு சோப்பு போடத் தெரியுமா என்ன?

எதிரே நிலக்கரி யார்டு. இந்தக் குடியிருப்பில் வீசிங் இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதிகாரிகளோ, தூசியை அளக்கும் மெஷினில் எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது என்று கையை விரித்துவிட்டார்கள். பெண்கள் கூடி முடிவெடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு வெள்ளைத் துணி. காலை ஆறுக்குக் கட்டி மாலை ஆறுக்கு எடுத்து, மார்க்கரில் தேதி எழுதி, கவரில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கலெக்டர் வருகிறார். அத்தனையையும் அவர் மேஜையில் கொட்டிவிடுவது.

மற்றவர்களுடையது தோசைக்கல் துடைத்த மாதிரி இருந்தது. அவளுடையது மட்டும் பளிச்.

இந்த ஒரு துணி போதும். யார்டுக்காரன் இதைத் தூக்கிக் காட்டியே தப்பித்துவிடுவான்.

உள்ளே தர்ஷினி இன்ஹேலர் இழுக்கும் சத்தம். மகளுக்கு ஏழு வயதுதான் ஆகிறது.

தேசம்மாள்தான். வேறு யார்? போன மாதம் கொடிக்கயிற்றுக்காக மல்லுக்கு நின்ற கீழ்வீட்டுக்காரி.

வியாழக்கிழமை மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தேசம்மாளைக் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டாள்.

படியில் செருப்புச் சத்தம்.

முதலில் பக்கெட் தெரிந்தது. பிறகு வெளிர்நீலச் சட்டை. சட்டைப்பையில் யார்டின் பெயர்.

அந்தச் சட்டையை மூன்று வருடமாகத் தினமும் அவள்தான் துவைத்துப் போடுகிறாள்.

அவள் புருஷன்.

சாப்பாட்டு நேரத்தில் வந்திருக்கிறான். துணியை அவிழ்த்தான். கசக்கினான். அலசிப் பிழிந்து, இருந்த இடத்திலேயே கட்டினான். வேலைநேரத்தில் மூக்கில் கட்டும் கர்ச்சீப்பையும் அதே தண்ணீரில் அலசிக்கொண்டான். அதை மட்டும் அவன் அவளிடம் துவைக்கப் போட்டதே இல்லை. நல்ல பழக்கம் என்று பெருமைப்பட்டிருக்கிறாள், பைத்தியக்காரி.

அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற மகளின் மூச்சைவிடவா வேலை பெரிது?

சாயங்காலம் அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னான். "எந்தெந்த வூட்டுத் துணி கறுப்பா கீதுன்னு சூப்பர்வைசர் லிஸ்ட் எடுக்குறாரு."

அவள் சட்டையை ஊறவைக்கவில்லை.

அவன் பார்க்கப் பார்க்க அதன் முதுகில் தேதி எழுதினாள். பையில் இருந்த பெயர் வெளியே தெரியும்படி மடித்துக் கவரில் போட்டாள். ஒரு முடிச்சுப் போட்டு வாசல் ஆணியில் மாட்டினாள்.

அவன் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை குடத்தோடு குழாயடிக்குப் போனாள். அவன் என்ன செய்கிறான் பார்ப்போம் என்று கவரை வேண்டுமென்றே விட்டுவிட்டுத்தான் போனாள். குடம் நிரம்பும்வரை பொறுக்க முடியவில்லை. பாதிக் குடத்தோடு திரும்பி ஓடிவந்தாள்.

அவன் கிளம்பியிருந்தான். கொடியில் கிடந்த பழைய கட்டம்போட்ட சட்டையைக் காணோம்.

கவர் ஆணியில் இருந்தது.

இரண்டு முடிச்சு.

"பாவி!"

வாய்விட்டே சொல்லிவிட்டாள். முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லை. கவரைக் கிழித்துத் தரையில் கொட்டினாள்.

சட்டை அப்படியே இருந்தது, கரியோடு.

அதன்மேல் இன்னொன்றும் விழுந்தது. கர்ச்சீப். நேற்று மதியத்துக்குப் பிறகு கட்டியது. அலசவில்லை.

விரித்துப் பார்த்தாள். வெளிப்பக்கம் கறுப்பு. மூக்கும் வாயும் படும் உள்பக்கமும் கறுப்பு.



அதில் தேதி இல்லை. மார்க்கரைத் திறந்தாள்.

மூன்று வருடத்தில் எந்தத் தேதியை எழுதுவது?