எதிர்வீட்டுப் பச்சைக் கதவு

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தாலே அந்தத் தூத்துக்குடி அடுக்ககத்தில் ஜெசிந்தாவுக்கு வயிறு எரியும். தண்ணீரும் மின்சாரமும் சிக்கனமாகச் செலவாகும் வீட்டின் கதவு பச்சையாக ஒளிரும். அளவு மிஞ்சினால் சிவக்கும், கட்டணமும் இரட்டிப்பாகும். விருந்தாளிகளை ஆளுக்கு ஒரு வாளியில் குளிக்கவைத்தும் அவள் கதவு சிவந்தே கிடந்தது. எதிர்வீட்டு பிளாரன்ஸ் அக்காவின் கதவோ தளிர்ப்பச்சை.

"அந்தக்கா குளிக்கவே செய்யாதோ என்னமோ."

"போய் மோந்து பாரு" என்றான் கணவன்.

சூட்சுமத்தை அறிந்துவிடும் எண்ணத்தில், அச்சுமுறுக்குத் தட்டோடு போனாள். உள்ளே கட்டில்களில் புதுப் போர்வைகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன.

"மகன்மாரு யாரும் வரலியாக்கா?"

"இந்த வருசமும் லீவு இல்லையாம். ஒன் கதவு செவப்பா எரியுறதப் பாத்து தெனமும் பொறாமப்படுதேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்."

ஜெசிந்தா தலைகுனிந்து நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எங்க வீட்டுல குளிக்க வரிசை நிக்கிக்கா. நாலு பேர இங்க அனுப்பட்டுமா? ஒங்க கதவும் செவந்துரும்."

பிளாரன்ஸ் விறுவிறுவென்று போய் ஹீட்டரைப் போட்டாள். கை நிறையத் துண்டுகளோடு திரும்பி வந்தாள்.

"நாலு பேருதானாட்டி?"