பத்துக்கு மேல் வேண்டாம்

"வண்டி வேகமா போகலைன்னு வர்றவங்களைத்தான் பார்த்திருக்கேன் மேடம். மெதுவா போகலைன்னு வந்த முதல் ஆளு நீங்கதான்."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே கையைத் துணியில் துடைத்தார். எதிரே ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் ஓட்டி வந்தது நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த பெரிய வண்டி. பின்னால் ஒரு பெட்டி; அதன் மேலெல்லாம் மலைப்பாதை ஸ்டிக்கர்கள். பெட்டியின் மூலைகளில் மட்டும் ஏனோ பஞ்சு சுற்றி டேப் ஒட்டியிருந்தது.

பின் சீட்டிலிருந்து இறங்கிய மகள், அம்மாவின் தோளைப் பிடித்தபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடி, மடியில் ஒரு பை. டிராக் பேன்ட்டை மேலே சுருட்டியிருந்தாள். இரண்டு முட்டியிலும் பிளாஸ்திரி.

"பத்து கிலோமீட்டர் வேகம் போதும் அண்ணே. அதுக்கு மேல வேண்டாம். ஆனா திக்காம திணறாம ஒரே சீரா போகணும்."

"பத்துலயா? இறங்கி ஓடினாலே பத்து வந்துடுமே."

மகள் பக்கென்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"முந்தாநாள் போயிட்டு இருக்கும்போதே பட்டுன்னு ஆஃப் ஆயிடுச்சு. இவ விழுந்துட்டா."

"உங்களுக்கு அடி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை இருபத்தோரு கிலோமீட்டர் போயாகணும். நடுவுல ஒரு இடத்துல கூட நிக்கக் கூடாது. இன்னொரு தடவை விழுந்தான்னா இத்தோட எல்லாத்தையும் விட்டுட வேண்டியதுதான்."

"நான் விட மாட்டேன்" என்றாள் மகள்.

"நீ விட மாட்டடி. எனக்குத்தான் தெம்பு இல்ல."

மெக்கானிக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. மலையெல்லாம் ஏறி இறங்கியவர், வெறும் இருபத்தோரு கிலோமீட்டருக்கு இப்படி நடுங்குகிறார். ஒரு தடவை விழுந்தால் போதும், பயம் வந்து ஒட்டிக்கொள்ளும். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்.

வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் பிடித்தார். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு விக்கியது.

"இடது பக்கம் ஏதோ சீறுது அங்கிள்" என்றாள் மகள், பெஞ்சில் இருந்தபடியே.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கார்புரேட்டரில் இடது பக்கத்து ஒன்றை இன்ஜினோடு சேர்க்கிற ரப்பரில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்த வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"எப்படிம்மா பார்த்த?"

"பார்க்கல அங்கிள். கேட்டேன்."

"என்கிட்ட வேலைக்கு வந்துடு தாயி. எனக்குக் காது பாதி போச்சு."

ரப்பரை மாற்றினார். கார்புரேட்டர் இரண்டையும் கழுவி, ஒரே மாதிரி மூச்சு விடும்படி சரிசெய்தார். பிறகு சைலன்சரைத் தட்டினார்.

"இதைத் தூக்கிட்டுக் கம்பெனி சைலன்சர் போட்டா இன்னும் நல்லா இருக்கும். இது ஊரையே எழுப்புதே."

"வேற எதை வேணா மாத்துங்க. சத்தம் மட்டும் மாறக் கூடாது" என்றார் அம்மா அவசரமாக.

பயம் வந்தாலும் பந்தா போகவில்லை என்று மெக்கானிக் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார்.

"சரி, அப்போ பின் ஸ்ப்ராக்கெட்டை, அதான் செயின் ஓடுற பல்சக்கரத்தை, பெருசா போடணும். மெதுவா போறப்ப இழுவை அருமையா கிடைக்கும். ஆனா மேல் வேகம் அவ்வளவுதான். உங்க பழைய மலைப்பயணம் எல்லாம் மறந்துட வேண்டியதுதான். மெயின் ரோட்டுல லாரிக்காரன்கூட உங்களை முந்திட்டுப் போவான்."

அம்மாவின் கை பெட்டியின் மேல் போனது. ஓரம் உரிந்திருந்த ஒரு ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"போகட்டும். மாத்திடுங்க."

"அம்மா, வேண்டாம்மா. அடுத்த வருஷம் பனிமலைக்குப் போகணும்னு சொல்லிட்டு இருந்தியே."

"உன்கிட்ட யாரு கேட்டா? பேசாம தண்ணியைக் குடி."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. பட்டறைக்குப் பின்னால் இருந்த ஆளில்லாத தெருவில் மெக்கானிக்கே ஓட்டிப் பார்த்தார். முதல் கியரில் ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தால் போதும். வண்டி பூனை மாதிரி நடந்தது. ஒரு விக்கல் இல்லை. சத்தம் மட்டும் அப்படியே, பழைய கனத்தோடு.

"இப்போ நீங்க எடுங்க மேடம். இனிமே ஆஃப் ஆகாது, அதுக்கு நான் பொறுப்பு. ஆமா, பெட்டிக்கு எதுக்குப் பஞ்சு? கீழ போட்டாலும் உடையாது இது."

"பெட்டிக்கு இல்ல அண்ணே" என்று சொல்லிவிட்டு அம்மா ஏறி உட்கார்ந்தார்.

மெக்கானிக் குனிந்து, பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் கம்பியைக் கீழே இறக்கிவிட்டார். "ஏறும்மா. தைரியமா ஏறு. இந்தத் தடவை விழ மாட்ட."

மகள் ஏறவில்லை. குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள். பிளாஸ்திரிகளை ஒரு முறை தடவிவிட்டாள். அம்மாவும் அவளுக்காகக் காத்திருக்காமல் கிளம்பினார். வண்டி நாலடி முன்னே போய், ஒரே சீராக நகர்ந்தது.

"அம்மா, பத்துக்கு மேல வேண்டாம்."

குரல் கொடுத்துவிட்டு, பையிலிருந்து மடித்த வெள்ளைக் குச்சி ஒன்றை எடுத்து மெக்கானிக்கின் குரல் வந்த திசையில் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் வெச்சிருங்க அங்கிள், ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்" என்றவள், முகத்தை வண்டிச் சத்தத்தின் பக்கம் திருப்பி, அதன் பின்னாலேயே ஓடத் தொடங்கினாள்.